‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படத்தில் வினாவும் வரியுரிமையும்: ஜாக்சன் சந்திப்புக் காட்சியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

1959ஆம் ஆண்டு வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ போரைப் பொருளாகக் கொண்ட படம். எனினும் அது மக்கள் நினைவில் நிலைபெற்றது உரையாடலால். அதன் உச்சமாகக் கருதப்படும் ஜாக்சன் சந்திப்புக் காட்சியைத் தொல்காப்பியமும் நன்னூலும் கூறும் வினா, விடை இலக்கணத்தைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. அக்காட்சியில் பாளையக்காரர் தம் அரசுரிமையைச் சொல்லாமல் உழவரின் இடத்தில் நின்று வாதாடுகிறார் என்பதும், அந்த இடமாற்றத்தை வினா வடிவமே இயல்வதாக்குகிறது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: திரைப்பட உரையாடல், வினா எதிர் வினாதல், உளப்படுத்தாத் தன்மைப் பன்மை, வரி, பாளையக்காரர்.

கேட்கப்படும் படம்

பி. ஆர். பந்துலு பத்மினி பிக்சர்ஸ் நிறுவனத்தின் சார்பில் தயாரித்து இயக்கிய இப்படம் 1959 மே மாதத்தில் தமிழகத் திரையரங்குகளுக்கு வந்தது. உரையாடலை எழுதியவர் சக்தி கிருஷ்ணசாமி. ஜி. ராமநாதன் இசையமைத்தார். கேவா கலரில் படமாக்கப்பட்டு லண்டனில் டெக்னிக்கலர் படியெடுக்கப்பட்டது. 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி கணேசன் சிறந்த நடிகராகத் தேர்வுபெற்றார். குதிரைப்படையும் கோட்டை முற்றுகையும் இடம்பெறும் இப்படத்தின் போர்க்காட்சிகளுக்கு அக்காலத் தமிழ்த் திரையின் அளவுக்கு மிகுந்த பொருட்செலவு செய்யப்பட்டது. இத்தனை காட்சிச் சிறப்பு இருந்தும், படத்தைப் பற்றிப் பேசும் எவரும் போர்க்களத்தை நினைவுகூர்வதில்லை. ராமநாதபுரத்தில் இருவர் எதிரெதிரே நின்று பேசிய சில நிமிடங்களையே நினைவுகூர்கின்றனர்.

இதற்கு ஒரு காரணம் படத்தின் பிறப்பிடம். திரைக்கு வருமுன் இது சிவாஜி நாடக மன்றம் 1957 முதல் மேடையேற்றிய நாடகம். எழுதியவர் சக்தி நாடக சபாவை நடத்திய நாடகக்காரர். நடித்தவர் அந்தச் சபாவிலும் நடித்துப் பயின்றவர். சிறுவயதில் கண்ட கட்டபொம்மன் கூத்தே தம்மை நடிப்புக்கு ஈர்த்ததாகச் சிவாஜி கணேசன் பின்னாளில் குறிப்பிட்டுள்ளார். கூத்து, மேடை நாடகம், திரை என்னும் இந்த வழியில் மூன்றிலும் மாறாமல் வந்தது குரல். மேடையில் ஆயிரம் குதிரைகளை நிறுத்த இயலாது. ஆயிரம் குதிரைகளுக்கு ஈடான சொல்லை நிறுத்த இயலும். திரைக்கு வந்தபின் குதிரைகள் சேர்ந்தன. ஆனால் அவற்றின் இடத்தைச் சொல் முன்னரே எடுத்துக்கொண்டுவிட்டது.

இன்னொரு காரணம் படம் பரவிய முறை. இதன் உரையாடல் இசைத்தட்டாகவும் பின்னர் ஒலிநாடாவாகவும் வெளிவந்தது. கோயில் திருவிழாக்களிலும் திருமண வீடுகளிலும் ஒலிபெருக்கி வழியே முழங்கியது. படத்தைப் பார்க்காதவரும் அதைக் கேட்டிருந்தனர். பள்ளி ஆண்டுவிழா மேடைகளில் காகிதக் கிரீடமும் மையால் வரைந்த மீசையும் தரித்து ஒப்பித்த சிறுவர்களில் பலர் அப்படத்தைத் திரையில் காணாதவர்களாகவே இருந்திருப்பர். ரசிகரின் பாராட்டு பெரும்பாலும் சிவாஜியின் குரலேற்றத்தையும் மூச்சடக்கத்தையும் குறித்ததாகவே அமைகிறது. அது நியாயமானதே. ஆயினும் அந்தக் குரல் இல்லாத சிறுவனின் வாயிலும் அவ்வுரையாடல் எழுந்து நிற்கிறது என்றால், அதன் வலிமையில் ஒரு பங்கு நடிப்புக்கு வெளியே, சொல்லமைப்பில் இருத்தல் வேண்டும்.

ஆவணத்தில் ராமநாதபுரம்

காட்சிக்கு மூலமான நிகழ்வு 1798 செப்டம்பரில் நடந்தது. 1792ஆம் ஆண்டின் கர்நாடக உடன்படிக்கையால், பாளையக்காரர்களிடமிருந்து பேஷ்குஷ் தொகையைத் தண்டும் அதிகாரம் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்திருந்தது. பாஞ்சாலங்குறிச்சியின் நிலுவை 1798 மே இறுதியில் 3310 பகோடா. ஆட்சியர் ஜாக்சன் தம்மை ராமநாதபுரத்தில் வந்து காணுமாறு கட்டபொம்மனுக்கு ஆகஸ்டில் ஆணை அனுப்பினார். குற்றாலத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் காண முயன்ற கட்டபொம்மனுக்குப் பேட்டி மறுக்கப்பட்டது. இறுதியில் ராமநாதபுரத்தில் சந்திப்பு நிகழ்ந்தபோது, மூன்று மணிநேரம் அவர் நிற்கவைக்கப்பட்டார் என்பர். கோட்டை வாயிலில் எழுந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார், அமைச்சர் சிவசுப்பிரமணியனார் பிடிபட்டார், கட்டபொம்மன் தப்பினார்.

பின்னர் நடந்ததே வியப்புக்குரியது. கட்டபொம்மன் சென்னையிலிருந்த மேலிடத்துக்கு முறையிட்டார். மூவர் கொண்ட விசாரணைக் குழு அமைந்தது. 1798 டிசம்பரில் அவர் அதன்முன் தோன்றி நடந்ததை எடுத்துரைத்தார். குழு ஜாக்சன்மீதே குற்றம் கண்டது. ஜாக்சன் பதவியிழந்தார், லூஷிங்டன் ஆட்சியரானார், சிவசுப்பிரமணியனார் விடுவிக்கப்பட்டார். நிலுவையும் பெரும்பகுதி செலுத்தப்பட்டு 1080 பகோடா மட்டுமே எஞ்சியது. ஆக, வரலாற்றில் ஜாக்சனைக் கட்டபொம்மன் வென்றது விண்ணப்பத்தாலும் வாக்குமூலத்தாலும். நாடகாசிரியர் ஒருவருக்கு இந்த வெற்றியால் பயனில்லை. எழுத்தில் நடந்து, மூன்றாமவர் தீர்ப்பளித்த வழக்கை மேடை தாங்காது. எனவே பல மாதங்களாக நீண்ட கடிதப் போக்கும் முறையீடும் ஒரே அறையில், ஒரே மூச்சில், இருவருக்கிடையே நிகழும் சொற்போராகச் சுருக்கப்பட்டன.

சுருக்கத்தில் மறைந்த மற்றொன்று மொழிபெயர்ப்பாளர். கம்பெனி அலுவலர்க்கும் பாளையக்காரர்க்கும் இடையே துபாஷிகள் நின்றனர். கட்டபொம்மன் குடும்பத்தாரோ தெலுங்கு பேசும் ராஜகம்பளத்தார். படத்தில் ஆங்கிலேயர் ஒருவரும் தெலுங்கு வழியினர் ஒருவரும் இடையாள் எவருமின்றிச் செந்தமிழில் மோதுகின்றனர். இதைப் பிழை என்று சுட்டுவது எளிது. அதனால் பெறுவது சிறிது. வினாவும் விடையும் நேருக்கு நேர் உரசும்போது பிறக்கும் தீ, துபாஷியின் வழியே பிறவாது.

வினா எதிர் வினா

செப்பும் வினாவும் வழுவின்றி அமையவேண்டும் என்பதைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வலியுறுத்துகிறார். அங்கேயே, வினாவுக்கு எதிராக வரும் வினாவும் செப்பாகவே கொள்ளப்படும் என்று விதிவிலக்கும் அமைக்கிறார். நன்னூலார் இதனை விரித்து வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பகுக்கிறார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன வினாக்கள். சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவதுகூறல், இனமொழி என்பன விடைகள். இவற்றுள் முதல் மூன்றும் செவ்வன் இறை. எஞ்சிய ஐந்தும் இறை பயப்பன. அஃதாவது, நேரே விடையாகாமல் விடையின் பயனைத் தருவன. ‘இறை’ என்னும் சொல் இங்கு விடையைக் குறிக்கிறது. அதுவே தமிழில் அரசனையும் வரியையும் குறிக்கும் சொல். ஜாக்சன் ஓர் இறையைக் கேட்க, கட்டபொம்மன் வேறோர் இறையைத் தந்தார் என்று சொல்லத் தோன்றும்.

காட்சி வினாவுடன் தொடங்குகிறது. எதிரில் நிற்பவர் கட்டபொம்மன்தானா என்று ஜாக்சன் கேட்கிறார். தாமே ஆணையிட்டு வரவழைத்த ஒருவரைப் பார்த்து இவ்வாறு கேட்பது அறியாவினா ஆகாது. விடை அறிந்தே கேட்பதால் அறிவினா எனலாம். ஆனால் நன்னூல் உரையாளர் அறிவினாவுக்குத் தரும் சான்று ஆசிரியர் மாணாக்கனிடம் பொருள் கேட்பது. அங்கு வினவுவோன் மேலிடத்தில் இருக்கிறான் என்பது கவனத்திற்குரியது. ஜாக்சனின் வினாவும் அந்த மேலிடத்தைக் கோருகிறது. தம்மை மாணாக்கனாகவோ குற்றவாளியாகவோ நிறுத்தும் அந்த வினாவுக்கு ‘ஆம்’ என்று விடையிறுத்தால் கட்டபொம்மன் அந்த இடத்தை ஏற்றவராவார். ‘இல்லை’ என்று சொல்லவும் இயலாது. அவர் செய்வது மூன்றாவது: அதே வினாவை, அதே தொடரமைப்பில், பெயரை மட்டும் மாற்றித் திருப்பித் தருகிறார். வினா எதிர் வினாதல்.

நன்னூல் கூறும் வினாதல் என்னும் விடைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ‘இதைச் செய்வாயா’ என்பதற்குச் ‘செய்யேனோ’ என எதிர்வினாவும்போது உடன்பாடு குறிப்பாகப் பெறப்படுகிறது. வினவியவனின் மேலிடம் அங்கு குலைவதில்லை. கட்டபொம்மனின் எதிர்வினாவோ விடையை மட்டும் குறிப்பால் தரவில்லை. வினவும் உரிமை யாருடையது என்பதையே வினாவாக்குகிறது. இலக்கண நூலார் வினாவைப் பொருள்நோக்கில் பகுத்தனர். வினவுவோர்க்கும் வினவப்படுவோர்க்கும் இடையிலான அதிகார உறவு அப்பகுப்பினுள் உட்கிடையாக இருப்பினும் தனி வகைமையாகவில்லை. இவ்வுரையாடல் அந்த இடைவெளியில் இயங்குகிறது.

அடுத்து நட்பு, குற்றம் என்னும் இரு சொற்களைச் சுற்றிப் பேச்சு நகர்கிறது. கட்டபொம்மன் அழைப்பை நட்பின் அழைப்பாகக் கொண்டு பேசுகிறார். ஜாக்சன் அதைக் குற்ற விசாரணையாக்குகிறார். விசாரணை என்பது வினவும் உரிமை ஒருவரிடமே குவிந்த உரையாடல். இத்தருணத்தில் முன்னிலைச் சொல்லைக் கவனித்தல் வேண்டும். தொடக்கத்தில் இருவரும் ஒருவரையொருவர் ‘நீர்’ என்றே விளிக்கின்றனர். மதிப்பும் விலக்கமும் சம அளவில் கலந்த சொல் அது; நெருக்கத்தின் ‘நீ’யும் இல்லை, பணிவின் ‘நீங்க’ளும் இல்லை. வரி என்ற பேச்சு எழுந்தவுடன் கட்டபொம்மன் ‘நீ’க்கு இறங்கிவிடுகிறார். அதன்பின் வரும் முற்றுகள் யாவும் ஆய் விகுதி பெற்ற ஒருமை முன்னிலை வினைமுற்றுகள். படத்தில் வாள் உறையிலிருந்து வெளிவருவதற்கு முன்னரே, ‘நீர்’ ‘நீ’யாகும் அந்த இடத்தில் போர் தொடங்கிவிட்டது.

‘எங்கள்’ என்னும் சொல்

வரி பற்றிய பகுதி நான்கு சொற்களை அடுக்கி எள்ளலுடன் தொடங்குகிறது: கிஸ்தி, திறை, வரி, வட்டி. இந்நான்கும் ஒரே காலத்தின் சொற்களாகா. திறை சங்க காலம் முதல் தோற்ற வேந்தன் வென்றவனுக்குக் கொடுப்பது. வரி நிலத்தின்மேல் அரசு விதிப்பது. கிஸ்தி அரபு மூலத்திலிருந்து பாரசீகம் வழியே வருவாய் நிர்வாகத்துக்குள் வந்த, தவணையைக் குறிக்கும் சொல். வட்டி கடன்பட்டவன் தருவது. கம்பெனியின் கோரிக்கை இவற்றுள் எது என்ற கேள்வியை அடுக்கே எழுப்பிவிடுகிறது. தோற்ற மன்னனிடம் கேட்கிறாயா, குடியிடம் கேட்கிறாயா, கடனாளியிடம் கேட்கிறாயா? விடை எதிர்பாராமல் எல்லாவற்றையும் வேடிக்கை என ஒதுக்கிவிட்டுப் பேச்சு மேற்செல்கிறது.

அதன்பின் வாதம் மூன்று படிகளில் ஏறுகிறது. முதற்படி இயற்கை. வானம் பொழிவதும் பூமி விளைவதும் கூறப்படுகின்றன. இரண்டும் தன்வினைகள், செய்விப்போர் எவரும் இல்லை. பழந்தமிழ் மரபை அறிந்தவர்க்கு இங்கே ஒரு விடுபாடு புலனாகும். மழைக்கும் நிலத்துக்கும் இடையே அரசனின் செங்கோலை வைத்தல் அம்மரபின் இயல்பு. புறநானூற்றின் 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம் மழை பொய்த்தாலும் மக்கள் அரசனையே பழிப்பர் எனக் கூறி, உழவரைக் காக்குமாறு வேண்டிப் பழைய நிலவரி நிலுவையை நீக்கப் பெற்றார். நிலுவை பற்றிய நம் காட்சிக்கு இதைவிட நெருங்கிய முன்னோடி இல்லை. ஆனால் அங்கு மழைக்கும் விளைச்சலுக்கும் பொறுப்பு அரசனுக்கு உண்டு. அதனால் வரியும் அவனுக்கு உண்டு. படத்தில் வானத்துக்கும் பூமிக்கும் இடையே அரசன் இல்லை. மன்னனே தன்னை அந்த இடத்திலிருந்து விலக்கிக்கொண்டு பேசுகிறான்.

இரண்டாம் படி உழைப்பு. வயலுக்கு வருதல், ஏற்றம் இறைத்தல், நீர் பாய்ச்சுதல், நாற்று நடுதல், களை பறித்தல், உழவர்க்குக் கஞ்சிக் கலயம் சுமத்தல், பெண்களுக்கு மஞ்சள் அரைத்துக் கொடுத்தல் என வினாக்கள் தொடர்கின்றன. இறுதியில் ஆயா, ஆயா என ஒலிக்கும் இயைபும் கழனி, கஞ்சி, கலயம் என்னும் மோனையும் கொஞ்சி, மஞ்சள் என்னும் எதுகையும் ஓதுவதற்கு ஏற்ற ஓசையைத் தருகின்றன என்பது பலரும் கூறியதே. வினைகளின் வரிசை அதனினும் நுட்பமானது. ஏற்றத்திலிருந்து களை வரை வேளாண்மையின் கால ஒழுங்கு. ஆனால் அறுவடை வரவில்லை. நெல் அளக்கும் களம் வரவில்லை. வாரம் பிரிக்கும் இடமும், மேல்வாரம் எனவும் குடிவாரம் எனவும் விளைச்சல் இரண்டாகும் இடமும் வரவில்லை. களை பறித்த கையோடு பேச்சு கஞ்சிக் கலயத்துக்கும் மஞ்சளுக்கும் தாவிவிடுகிறது. களத்துமேட்டில் நெற்குவியலின் அருகே நிற்பவன் பாளையக்காரனின் ஆள்தான் என்பதை அறிந்தவர்க்கு இந்தத் தாவல் தற்செயலாகத் தோன்றாது.

வினா நிரலின் தலையில் நிற்பது ‘எங்களோடு’ என்ற சொல். தமிழில் தன்மைப் பன்மை இருவகை: முன்னிலையாரை உளப்படுத்தும் ‘நாம்’, உளப்படுத்தாத ‘நாங்கள்’. ‘எங்கள்’ என்றதும் ஜாக்சன் வெளியேற்றப்படுகிறார், இது வெளிப்படை. ஆனால் அச்சொல் உள்ளே சேர்த்துக்கொள்வது யாரை? பேசுபவர் பாளையக்காரர். வயலில் இறங்குபவர் உழவர். ‘எங்கள்’ இருவரையும் ஒரே வரப்பில் நிறுத்துகிறது. இதை ஒரு செய்தித் தொடராக மாற்றிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ‘நாங்கள் ஏற்றம் இறைத்தோம், நாற்று நட்டோம்’ என்று கட்டபொம்மன் கூறியிருந்தால், அரண்மனைப் பட்டும் முத்தாரமும் அணிந்து நிற்கும் ஒருவரின் வாயில் அது பொருந்தாமல் நின்றிருக்கும்; பார்வையாளர் கண் அவர் கைகளை நோக்கியிருக்கும். வினா வடிவில் சொன்னபோது உடன்பாட்டுத் தொடர் சொல்லப்படாமலே பெறப்படுகிறது. ‘நீ நடவில்லை’ என்பது மட்டும் ஒலிக்கிறது. ‘நட்டவர் யார்’ என்பது கேட்கப்படுவதே இல்லை. வினா எதிராளியின் கையை மட்டும் வெளிச்சத்தில் நிறுத்திவிட்டு, வினவுவோனின் கையை நிழலில் வைத்துக்கொள்கிறது.

மூன்றாம் படி உறவு. மாமனா, மச்சானா எனக் கேட்கப்படுகிறது. உழைக்காமலே விளைச்சலில் பங்கு கேட்கத் தகுந்தவர் சீர் பெறும் உறவினர் மட்டுமே என்பது அதன் உட்பொருள். பங்கு கேட்க உழைத்திருக்கவேண்டும். இல்லையேல் உறவினனாக இருக்கவேண்டும். இரண்டுமில்லாதவன் கேட்பது மானமற்ற செயல். இவ்வளவில் தர்க்கம் முடிந்துவிடுகிறது. மன்னன் என்ற முறையில் கேட்கலாம் என்னும் மூன்றாவது உரிமைக்கு இத்தர்க்கத்தில் இடமில்லை. ‘இந்த மண்ணின் அரசன் நான், வரி எனக்குரியது’ என்று ஒரு மன்னன் மாற்றரசின் அலுவலரிடம் கூறுவதே எளிய, நேரிய வாதம். வரலாற்றுக் கட்டபொம்மனின் வழக்கும் அதுவே. பாளையக்காரர்கள் தேசகாவல், ஸ்தலகாவல் என்னும் பெயர்களில் காவற்பணம் தண்டினர்; குடிகளிடம் நிலவருவாயைப் பெற்று அதில் ஒரு பகுதியை மேலரசுக்குச் செலுத்தினர். 1798இன் பூசல், தண்டும் உரிமையுடைய இருவருக்கு இடையிலானது. கம்பெனி ஆவணங்கள் காவற்பணத்தையே கொள்ளை என எழுதின. இப்படத்தின் வரலாற்று ஆலோசகராக விளங்கிய ம. பொ. சிவஞானம் கட்டபொம்மனை விடுதலைப் போரின் முன்னோடியாக நிறுவினார். தமிழ்வாணன் ‘கட்டபொம்மன் கொள்ளைக்காரன்’ என்னும் தலைப்பிலேயே மறுப்பு நூல் எழுதினார். இருவரும் மோதிக்கொண்ட இடம் தண்டும் உரிமை. படம் அந்த வழக்குக்குள் நுழையவேயில்லை. நுழைந்திருந்தால் ஜாக்சனிடம் கேட்ட அதே வினாவை ஓர் உழவன் அரண்மனை வாயிலில் நின்று கேட்கலாம் என்ற வாய்ப்பு திறந்துவிடும்.

இதைச் சக்தி கிருஷ்ணசாமியின் தந்திரம் என்று சொல்வது குறைத்துச் சொல்வதாகும். 1957இல் மேடையின் முன் அமர்ந்திருந்தோர் பாளையப்பட்டை அறிந்தவர்கள் அல்லர். ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து பத்தாண்டு நிறையாத காலத்தினர். அவர்களுள் பலர் மேல்வாரம் கொடுத்தவர்கள், அல்லது அவர்களின் மக்கள். ஜமீன்தாரின் முன்னோடியான ஒருவர் தம் உரிமைக்காக வாதாடுவதை அவர்கள் கைதட்டி வரவேற்றிருப்பார்களா என்பது ஐயம். உழைத்தவனுக்கே விளைச்சல் என்ற வாதத்தை அதே வாயிலிருந்து கேட்டபோது கைதட்டினர். உழவர் குரலை மன்னன் எடுத்துக்கொண்டான் எனலாம். மன்னன் வாயை உழவர் எடுத்துக்கொண்டனர் எனவும் சொல்லலாம். இரண்டாவது வாசிப்பே இவ்வுரையாடலின் நீண்ட வாழ்வுக்குப் பொருத்தமான விளக்கம் தருகிறது. அரசுரிமையைச் சொல்லியிருந்தால் அது கட்டபொம்மன் ஒருவர்க்கே உரிய பேச்சாகியிருக்கும். பேசுவோன் இடம் வெறுமையாக விடப்பட்டதால் பின்வந்தோர் எவரும் அதில் நின்று பேச முடிந்தது.

வழக்காடுவோன் இடம்

போருக்கு முந்திய வீரப்பேச்சுக்குத் தமிழில் நெடிய மரபு உண்டு. வஞ்சினம் கூறலும் நெடுமொழி கூறலும் புறத்திணையில் துறைகளாக வகுக்கப்பட்டுள்ளன. அவை தன்மையிடத்துப் பேச்சுகள்: இன்னது செய்யேனாயின் இன்னது ஆகுக என்பது வஞ்சினம், தன் வீரத்தைத் தானே விதந்து கூறுவது நெடுமொழி. ஜாக்சன் காட்சி போர்ப்பேச்சாகவே பாராட்டப்பட்டாலும் அதில் தன்மை வினைமுற்று அருகியே வருகிறது. எனவே அதன் மூலத்தைப் புறத்திணையில் தேடுவதைவிட அவைக்களத்தில் தேடுவது பொருந்தும்.

சிலப்பதிகார வழக்குரை காதை நினைவுக்கு வருகிறது. அங்கும் அழையாத ஒருத்தி அவையில் வந்து நிற்க, அரசன் யாரென வினவுகிறான். அங்கும் அந்த வினாவுக்குப் பெயர் சொல்லி அடங்கும் விடை கிடைப்பதில்லை. வினவியவனே வழக்கில் நிறுத்தப்படுகிறான். கள்வனைக் கொல்லுதல் அரச நீதி என்று பாண்டியன் கூறும் வாதமும், வரி தண்டுதல் தம் அதிகாரம் என்று ஜாக்சன் கூறும் வாதமும் ஒரே வகையின. திரையில் இதே அமைப்பை 1952இல் வெளிவந்த ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சி, மு. கருணாநிதியின் உரையாடலில் நிலைநிறுத்தியிருந்தது. அங்கும் குற்றக்கூண்டில் நின்றவர் இதே நடிகர். அங்கும் குற்றம் சாட்டப்பட்டவன் வினாக்களால் சமூகத்தைக் கூண்டில் ஏற்றுகிறான்.

இவ்வொப்புமையில் ஒரு திரிபு உண்டு. கண்ணகியும் குணசேகரனும் குடிகள். அரசின் எதிரே நின்றவர்கள். கட்டபொம்மன் மன்னன். மன்னனைக் குடியின் இடத்தில் நிறுத்தும் இம்மாற்றத்தை ராமநாதபுரத்தின் உண்மை நிகழ்வே எளிதாக்கியது. வேற்றார் கோட்டையில், இருக்கை மறுக்கப்பட்டு, நிலுவைக்குக் கணக்குச் சொல்ல நிற்கவைக்கப்பட்டவர் அவர். நிற்பவன் வழக்காடுபவன், அமர்ந்திருப்பவன் அரசு. நிலுவையுள்ள குடியானவன் கச்சேரியில் நிற்கும் நிலையை அறிந்த பார்வையாளர்க்கு அந்த நிலை அயலானதன்று.

கயத்தாறு

படத்தின் பிற்பகுதி இதனோடு ஒப்புநோக்க வெளிறியே தோன்றும். விதிவிலக்கு, வெள்ளையத்தேவனைப் போருக்குப் போகவேண்டாமென வெள்ளையம்மாள் தடுக்கும் பகுதி. ஜெமினி கணேசனும் பத்மினியும் நடித்த அப்பகுதியில் உரையாடலின் வேலையைப் பாட்டு செய்கிறது. போரின் விலையை ஒரு பெண் கணக்கிடும் இடம் படத்தில் அது ஒன்றே. கஞ்சிக்கும் மஞ்சளுக்கும் உரியவராகச் சுட்டப்பட்ட பெண் தன் குரலில் பேசுவதும் ஏறத்தாழ அங்கேதான்.

1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் நடந்த விசாரணையில் மேஜர் பானர்மேன் குற்றங்களைப் படிக்க, கட்டபொம்மன் அவற்றை மறுக்காமல் ஏற்றார் என்பது வரலாறு. மற்றப் பாளையக்காரர்கள் சுற்றிலும் அமர்த்தப்பட்டுப் பார்த்துக்கொண்டிருந்தனர். புளியமரத்தில் தூக்கு நிறைவேற்றப்பட்டது. படத்தின் கயத்தாற்றுக் காட்சியிலும் பேச்சு உண்டு, வீரமும் உண்டு. ஆனால் வினவும் உரிமை கம்பெனியிடம் திரும்பிவிட்டது. கைதியின் விடை எத்துணை துணிவானதாயினும் விடைதான். அதனால்தான் போலும், ஒப்பித்தல் மேடைகளில் கயத்தாறு அரிதாகவே ஒலிக்கிறது.

ராமநாதபுரமே ஒலிக்கிறது, அதுவும் முழுமையாக இல்லை. பள்ளி மேடைச் சிறுவன் பெரும்பாலும் தனியாகவே வருகிறான். ஜாக்சனின் தொடர்களை எவரும் மனப்பாடம் செய்வதில்லை. ஒப்பிப்பவன் ஒலிவாங்கியின் முன் நின்று, ஆட்சியர் இருந்திருக்கவேண்டிய வெற்றிடத்தை நோக்கி, ஏற்றம் இறைத்தாயா என்று கேட்கிறான்; அந்தத் திசையில் முன்வரிசை நாற்காலிகளில் தலைமையாசிரியரும் சிறப்பு விருந்தினரும் அமர்ந்திருக்கின்றனர்.